ஒண்ணும் இல்லை

அரசாணையில் அதற்கு அரை முழ நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. சோதனைப் பந்தலில் வேலை செய்தவர்கள் அந்தப் பெயரை ஒரு தடவைகூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை. நாக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, முன்னால் ஒரு சின்னத் தட்டு. மாத்திரையிலிருந்து நகத்தால் துளி சுரண்டி அதில் போட்டால் போதும். அதில் என்னென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று ருசி பார்த்துச் சொல்லிவிடும். மனித நாக்கு மாதிரி பொய் பேசாது என்று வாங்கிக் கொடுத்த அதிகாரி ஜோக் அடித்தார். எல்லாரும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

மருந்துக் கடைகளில் மாத்திரைகளை அட்டை அட்டையாக அடுக்கி வைப்பது ஒழிந்து, டாக்டர் சீட்டைக் காட்டினால் கலவையைத் தானே யோசித்துக் கடையிலேயே அச்சடித்துக் கொடுக்கும் யந்திரங்கள் வந்துவிட்ட காலம் அது. நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் கடைக்காரர் புது யந்திரம் வாங்கும்போது பழையதை என்ன செய்வார்? காயலான் கடைக்குப் போட்டார். அங்கிருந்து அது யார் யார் வீட்டு மாடியறைக்கோ ஏறியது. கொண்டாட்டங்களில் விழுங்குகிற மாத்திரைகள் கப்பலேறி ஒளிந்து மறைந்து வந்த காலம் போய், பக்கத்துத் தெருவில் இட்லி மாவு கிடைப்பதுபோலக் கிடைத்தன. போலீஸ் பிடித்துப் பிடித்துச் சலித்தது. பிள்ளைகள் செத்துச் செத்துச் சலிக்கவில்லை. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் கூடுகிற எந்த இசைக் கொண்டாட்டத்திலும் ஒரு சோதனைப் பந்தல் இருந்தே ஆக வேண்டும், அங்கே வருகிறவர்களைப் போலீஸ் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்துக்காகக் கோட்டை வாசலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. தூத்துக்குடிக்காரி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வெகுகாலம் நர்ஸாக இருந்தவள். அங்கே ராத்திரி டியூட்டியில் அவள் பார்த்ததெல்லாம் ஒரே காட்சிதான். ஓர் ஆட்டோ வாசலில் வந்து நிற்கும். மயங்கிக் கிடக்கிற பையனையோ பெண்ணையோ படியில் கிடத்திவிட்டுக் கூட்டாளிகள் ஓடிவிடுவார்கள். என்ன சாப்பிட்டான் என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. ஓடியவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அந்தப் பயத்தைக் கொன்றால் பாதிப் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. வேலையை விட்டாள். பந்தலுக்கு வந்தாள். பெயர் கேட்காதே, ஊர் கேட்காதே, புத்தி சொல்லாதே என்று மூன்றே கட்டளைகள் போட்டாள். மூன்றாவதைத்தான் அவளால் முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை.

நாக்கின் குரலும் அவளுடையதுதான். அது முதலில் வந்தபோது செய்தி வாசிக்கிற தமிழில் பேசியது. மாத்திரையில் எதுவும் அகப்படாவிட்டால், "பட்டியலிலுள்ள வேதிப்பொருள் எதுவும் இம்மாதிரியில் கண்டறியப்படவில்லை" என்று இழுக்கும். வாக்கியம் முடிவதற்குள் பையன்கள் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். பந்தலின் வேதியியல்காரர் உமாபதி தலையில் அடித்துக்கொண்டார். பேராசிரியர் வேலையை உதறிவிட்டு வந்த மனிதர், வார்த்தைக்கு வார்த்தை கணக்குப் பார்ப்பவர். அவரே, "ஜெசி, இத மனுஷ பாஷையில மாத்தும்மா" என்றார். ஜெசிந்தா மாற்றினாள். இருமல் மருந்துச் சரக்கு என்றால் அப்படியே சொன்னாள். இதயத்தைப் பிய்த்துப்போடும் என்றால் அப்படியே சொன்னாள். எதுவும் அகப்படாவிட்டால், 'ஒண்ணும் இல்லை' என்று பதிவு செய்தாள். சுண்ணாம்பு மாவையும் சர்க்கரையையும் விற்று ஏமாற்றுகிறவர்கள் நிறைய இருந்தார்கள், அதனால் அந்தச் சொல் அடிக்கடி ஒலித்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். சுருக்கும்போது 'பட்டியலிலுள்ள' என்ற வார்த்தை விழுந்துபோனதை உமாபதியும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. பட்டியல் வாராவாரம் புதுப்பிக்கப்பட்டது. அதில் இல்லாத சரக்கு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

போன கோடை முடிந்ததிலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். தடித்த கண்ணாடி, அயர்ன் பண்ணின சட்டை, ஆட்டமும் தெரியாது பாட்டும் தெரியாது என்பது நடையிலேயே தெரியும். பெயர் கேட்கக்கூடாது என்பதால் அவள் அவனைக் கண்ணாடித் தம்பி என்று வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் ஒரு துளிப் பொடியைத் தாளில் மடித்து எடுத்து வருவான். நாக்கு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லும். மற்றவர்கள் பெயரைக் கேட்டதும் போய்விடுவார்கள். இவன் நின்று கேட்பான்.

"அது என்னக்கா பண்ணும்?"

"உடம்புச் சூட்ட ஏத்தும். ஆடிட்டே இருப்ப, தாகம் தெரியாது. மூளை வெந்து போகும்."

"அத மட்டும் எடுத்துட்டா?"

"எடுத்துட்டு என்னத்தத் திங்கப் போற? போயி ஒரு மோர் குடி எய்யா."

புத்தி சொல்லிவிட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவன் தலையாட்டிவிட்டுப் போவான். அடுத்த தடவை வரும்போது அந்தப் பெயர் இருக்காது, வேறொன்று இருக்கும். மறுபடி கேட்பான். மறுபடி அவள் சொல்வாள். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற பையன் கொஞ்ச நாளில் இந்தச் சனியனை விட்டுவிடுவான் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது. உமாபதியிடம்கூடச் சொன்னாள்.

தை மாசக் கொண்டாட்டத்தில் அவன் பொடியை வைத்தான். நாக்கு கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் குரலில், "ஒண்ணும் இல்லை" என்றது.

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நிஜமாவாக்கா?"

"என் குரல நானே பொய்யிம்பேனா? ஒண்ணும் இல்லய்யா. போ, சந்தோஷமா இரு."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. யாரோ சர்க்கரைப் பொடியைக் கொடுத்து ஏமாற்றியதற்கு இந்தப் பிள்ளை இப்படிச் சந்தோஷப்படுகிறதே, விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று அவளுக்கு மனசு நிறைந்தது. பக்கத்துக் கடையிலிருந்து தன் செலவில் மோர் வாங்கிக் கொடுத்தாள். பந்தல் வேலையில் அவளுக்குக் கிடைத்த மிக நல்ல நாள் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

பங்குனியில் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய திடலில் பகல் கொண்டாட்டம் நடந்தது. உப்பின் வெள்ளையும் வெயிலும் சேர்ந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. பெரிய மேடை, அதைவிடப் பெரிய ஒலிபெருக்கிகள், திடல் கொள்ளாத கூட்டம். பந்தலுக்குள் பேசுவதற்கே காதோடு வாய் வைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு நாக்குக்கு முன்னால் வரிசையே இல்லை. இரண்டொருவர் வந்தார்கள், போனார்கள். இளசுகள் திருந்திவிட்டார்களோ என்று உமாபதி கேலி செய்தார். ஜெசிந்தாவும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டாள்.

சாயங்காலத்துக்கு முன்னால் ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்தாள். சாய்ந்திருந்தவளுக்கு முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. பாதிச் சிரிப்பில் இருந்தாள். கூட்டி வந்தவள் பெயரைக் கேட்காமலே சொல்லிக்கொண்டாள். ஆஃப்ரின். ஒரே கல்லூரியாம்.

ஜெசிந்தா சாய்ந்திருந்தவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு ஆஃப்ரின் காதருகே குனிந்தாள். "என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"பயப்படாத பிள்ள. இங்க போலீசு வராது. என்ன சாப்பிட்டான்னு சொன்னாத்தான் என்ன செய்யணும்னு தெரியும்."

"அதான்க்கா, ஒண்ணும் இல்ல!" ஆஃப்ரின் கத்தினாள். "நான்கூட எடுக்கல, அவ மட்டுந்தான்..." மீதியை ஒலிபெருக்கி தின்றுவிட்டது.

ஜெசிந்தா படுத்திருந்தவளிடமே குனிந்து கேட்டாள். "தங்கம், மாத்திர எதும் போட்டியா?"

அந்தப் பெண் கண்ணைத் திறந்து சிரித்தாள். "ஒண்ணும் இல்லக்கா," என்றாள். "ஒண்ணும் இல்ல."

பொய் சொல்கிற முகத்தை ஜெசிந்தா ஆயிரம் பார்த்திருக்கிறாள். இது பொய் சொல்கிற முகம் இல்லை. உடம்பு சுட்டது. ஆனால் அந்த வெயிலில் எந்த உடம்பு சுடவில்லை? வெயில் மயக்கம் என்று முடிவு செய்தாள். ஈரத்துணி போட்டாள், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஆஃப்ரின் கையில் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னாள். பந்தலுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. மாத்திரை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் அந்த நிமிஷமே ஏற்றி அனுப்பியிருப்பாள். விழவில்லை. காலில் கண்ணாடி குத்திய ஒரு பையனுக்குக் கட்டுப் போடப் போய்விட்டாள்.

கட்டுப் போட்டு முடிப்பதற்குள் ஆஃப்ரினின் அலறல் பாட்டையும் மீறிக் கேட்டது.

கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் தாடை பூட்டிக்கொண்டு கைகால் வெட்டி இழுத்தது. ஜெசிந்தா தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். அது வெயில் சூடு இல்லை. பனிக்கட்டியை வாரி அக்குளிலும் கழுத்திலும் வைத்தார்கள். இழுப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றது. ஜெசிந்தா நெஞ்சில் கைவைத்து அமுக்க ஆரம்பித்தாள்.

"என்ன சாப்பிட்டா? இப்பவாவது சொல்லித் தொலை!"

"முதல்லயே சொன்னேனேக்கா!" ஆஃப்ரின் தன் இடுப்புப் பையைக் கவிழ்த்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து நீட்டினாள். "இதத்தான் சாப்பிட்டா. இது பேரே அதான்க்கா. ஒண்ணும் இல்ல. எல்லாரும் அப்படித்தான் சொல்லிக் கேப்பாங்க. உங்க பந்தல்லயே பாத்துச் சொன்னதுன்னு..."

உமாபதி மாத்திரையைப் பிடுங்கிச் சுரண்டித் தட்டில் வைத்தார். அமுக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்குத் தன் குரலே நிதானமாக, அன்பாகக் கேட்டது.

"ஒண்ணும் இல்லை."

அப்போதுதான் அவன் ஓடி வந்தான். தடித்த கண்ணாடி, அயர்ன் பண்ணின சட்டை. ஆஃப்ரின் போன் செய்திருக்கிறாள். "மகிழினி! மகி!" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டான். ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தான். ஜெசிந்தாவும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடையாளம் தெரிந்தது.

"என் தங்கச்சிக்கா. காப்பாத்துங்கக்கா."

அவள் கைகளுக்கு அடியில் உயிர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அத்தனை வருஷம் நெஞ்சை அமுக்கிய கைகள் அவை. ஆனால் அவன் காலில் விழுந்துவிட்டான். மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறவனிடம் எந்த வாயால் சொல்வது? ஆம்புலன்ஸ் டிரைவர் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "அக்கா, இருக்கறது ஒரு வண்டிதான்" என்று இழுத்தான். அவள் அதட்டினாள். "ஏத்து." மகிழினியை ஏற்றினார்கள். ஆஃப்ரின் கூட ஏறினாள். இவனும் ஏறப் போனான். ஜெசிந்தா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்தாள். தன்னிடம் அப்படி ஒரு பலம் இருப்பது அவளுக்கே தெரியாது.

வண்டி கிளம்பிப் போயிற்று.

"நீ எங்கயும் போகாத. அந்த மாத்திர நீ பண்ணதா?"

தலையாட்டினான்.

"எப்படிப் பண்ண?" இது உமாபதி.

"மருந்துக் கடையோட பழைய மிஷின் ஒண்ணு வீட்ல இருக்கு சார். என்ன உணர்ச்சி வேணும்னு சொன்னா அதுவே யோசிச்சு அச்சடிக்கும். காலேஜ்ல எல்லாரும் கண்டதையும் போட்டுட்டு விழுந்து கிடந்தாங்க. என் கூட இருந்தவன் ஒருத்தன் செத்தே போனான். அதான் ஆபத்தில்லாத ஒண்ணு பண்ணிட்டா இவங்கல்லாம் பொழச்சிப்பாங்கன்னு..." அவன் ஜெசிந்தா பக்கம் திரும்பினான். "அக்காகிட்ட கொண்டாந்து காட்டுவேன். நாக்கு எந்தப் பேரச் சொல்லுதோ அத மிஷின்கிட்ட எடுக்கச் சொல்வேன். சந்தோஷம் மட்டும் குறையக்கூடாது, நாக்கு சொல்ற எதுவும் உள்ள இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கேட்டேன். ஒவ்வொண்ணா எடுத்து எடுத்து, கடைசியில நாக்கே ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சு. நீங்களும் சொன்னீங்களேக்கா. நிஜமாவான்னு கேட்டேனே."

உமாபதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முட்டாப் பயலே," என்றார். திட்டுகிற குரலாக அது இல்லை. "உன் மிஷின் எதையும் எடுக்கலடா. மாத்திக்கிச்சு. நாக்குக்குத் தெரிஞ்ச சரக்கா இருக்கக்கூடாதுன்னு நீ சொன்ன. அது நாக்குக்குத் தெரியாத சரக்கா ஒண்ண உண்டாக்கிக் குடுத்திருக்கு. சொல்லிக் குடுத்த ருசி மட்டுந்தான் இந்தப் பொட்டிக்குத் தெரியும். புது விஷத்தப் போட்டா இதுக்குப் பச்சத் தண்ணி."

"அப்ப ஒண்ணும் இல்லன்னா..."

"எனக்குத் தெரியலன்னு அர்த்தம்."

அந்தப் பையன் அழவில்லை. கணக்கில் எங்கே பிசகியது என்று தேடுகிறவனைப் போல மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தாவுக்கு அவனை அறையவும் தோன்றியது, மடியில் போட்டுக்கொள்ளவும் தோன்றியது. தன்னைத்தான் யாராவது அறைந்தால் தேவலை என்றும் தோன்றியது. விஷம் வைக்க வந்தவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவனும் அவளும் ஒரே காரியத்தைத்தான் செய்ய வந்தார்கள்.

"உன் பேரு என்ன?" என்றாள்.

"இளம்பரிதி."

"இளம்பரிதி, இன்னைக்கு இங்க எத்தன பேருக்குக் குடுத்திருக்க?"

"கேட்டவங்களுக்கெல்லாம்."

"எத்தன பேருடா கேட்டாங்க?"

அவன் பந்தலுக்கு வெளியே கையைக் காட்டினான். உப்பளத்து ஓரம்வரை தலைகள் குதித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு நாக்குக்கு முன்னால் ஏன் வரிசை இல்லை என்பது ஜெசிந்தாவுக்கு விளங்கிவிட்டது. எல்லாரும் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

மேடையை நோக்கி ஓடினாள். உமாபதி அவளுக்கு முன்னால் ஓடி, ஒலிப்பலகைக்காரனோடு கைகலந்து, கடைசியில் பாட்டு வருகிற ஒயரையே பிடுங்கிவிட்டார். பாட்டு பொத்தென்று நின்றது. திடல் முழுக்க ஊளையும் விசிலும் எழுந்தன. ஜெசிந்தா மைக்கைப் பிடித்தாள். கண் கூசியது. மூச்சு வாங்கியது. என்ன சொல்வது? சாப்பிடாதே என்று சொன்னால் சாப்பிட்டவர்களுக்கு என்ன பயன்?

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "நான் பந்தல்லேர்ந்து பேசறேன்."

அந்தக் குரலைத் தெரியாதவர் அங்கே யார்? ஊளை அடங்கியது. அப்புறம் முன்வரிசையிலிருந்து, "நாக்கு அக்கா!" என்று ஒருவன் கத்தினான். ஆரவாரம் வெடித்தது. அந்தப் பெயரையே தாளம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"விளையாட்டு இல்ல, கேளுங்க! ஒண்ணும் இல்லைன்னு ஒரு மாத்திர..."

அந்த இரண்டு வார்த்தைகள் போதுமாக இருந்தன. அவளோடு சேர்ந்து திடலே அதைச் சொன்னது. "ஒண்ணும் இல்லை! ஒண்ணும் இல்லை!" குதித்தார்கள். தோளில் ஏறி நின்றார்கள். யாரோ ஒரு பெண் அவளை நோக்கி முத்தம் ஊதினாள். மேடைக்குக் கீழே ஒரு பையன் உட்கார்ந்து தலையை முழங்காலுக்கு நடுவே வைத்திருந்ததை ஜெசிந்தா பார்த்தாள். அவன் கூட்டாளிகள் அவனைத் தூக்கி நிறுத்தி ஆட வைத்தார்கள்.

யார் சாப்பிட்டது, யார் சாப்பிடாதது என்பது மட்டும் தெரிந்தால் போதும். அவர்களைத் தனியாகப் பிரித்து நிழலுக்குக் கொண்டுபோய்விட்டால் சிலராவது தேறுவார்கள். ஜெசிந்தா தொண்டை கிழியக் கத்தினாள்.

"அந்த மாத்திரயச் சாப்பிட்டவங்க மட்டும் கையத் தூக்குங்க!"

திடலில் இருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன.

"சாப்பிட்டவங்க மட்டும்! தயவுசெஞ்சு, சாப்பிட்டவங்க மட்டும்!"

மேடையிலிருந்து யாராவது கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவதற்காகத்தானே அவர்கள் வந்திருந்தார்கள். கைகள் இன்னும் மேலே போயின. விரல்கள் ஆடின. பின்வரிசைக்காரர்கள் எகிறிக் குதித்துக் காட்டினார்கள்.

ஜெசிந்தா மைக்கைக் கீழே வைத்தாள். பந்தலில் பாதி கரைந்த பனிக்கட்டித் தொட்டி ஒன்று இருந்தது. வண்டி ஒரு பிணத்தை ஏற்றிக்கொண்டு போயிருந்தது, அவள்தான் அனுப்பினாள். மேடையிலிருந்து இறங்கி, எட்டிய முதல் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பத்தொன்பது இருபது வயசுப் பெண். தோல் கொதித்தது. வெயிலா மாத்திரையா என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே மற்றொரு கையையும் தூக்கினாள்.